பதிவு மூப்பு

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இருக்கிற வீடாக இருந்தால், பீரோவின் மேல்தட்டில் சான்றிதழ்கள் அடங்கிய கோப்பு ஒன்று கட்டாயம் இருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு நடுவே ஓரம் மடங்கி மை மங்கிய அட்டை ஒன்றும் கிடக்கும். அது வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டை. பதிவு எண், பதிவு செய்த தேதி, கல்வித் தகுதி, அடுத்துப் புதுப்பிக்க வேண்டிய மாதம் எல்லாம் அதில் இருக்கும். புதுப்பித்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு ரப்பர் முத்திரை விழுந்திருக்கும். இன்றைக்கு அதைக் கொண்டு ஆகப்போகும் காரியம் எதுவுமில்லை. ஆனாலும் பொங்கலுக்கு வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தும்போது பழைய பில்களும் கல்யாணப் பத்திரிகைகளும்தான் வெளியே போகின்றன. இந்த அட்டை மட்டும் மறுபடி கோப்புக்குள்ளேயே போய்விடுகிறது. அரசாங்கத்திடம் தனக்கு ஒரு பாக்கி இருக்கிறது என்று ஒரு தலைமுறை நம்பியதற்கான ரசீது அது.

அந்தத் தலைமுறையின் பழக்கவழக்கங்கள் இப்போதைய பிள்ளைகளுக்கு விசித்திரமாகப் படும். பத்தாம் வகுப்பு முடிவு வந்த கையோடு மாவட்டத் தலைநகருக்கு முதல் பஸ் பிடித்துப் போய்ப் பதிந்துவிட வேண்டும். மேற்படிப்பு படிக்கிறோமா இல்லையா என்பது அப்புறம்தான். சான்றிதழ் நகல்களில் பச்சை மையில் கையெழுத்துப் போட ஒரு கெஜட்டட் ஆபீசரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பை முடித்தால் அதையும், தட்டச்சுத் தேர்வில் தேறினால் அதையும் சேர்க்க வேண்டும். கல்யாணமாகி வேறு மாவட்டத்துக்குப் போகிற பெண்ணின் பதிவையும் அங்கே மாற்றிக் கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறினால் மூப்பு போயிற்று. தவறியவர்களுக்காக அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவிப்பார்கள். அந்த அறிவிப்பு வந்த நாளிதழைப் பத்திரப்படுத்தி வைத்த வீடுகள் உண்டு. மாப்பிள்ளை பார்க்கும் பேச்சில்கூட, "பையன் பதிஞ்சு எட்டு வருஷம் ஆச்சு, இந்த வருஷம் கார்டு வந்துடும்" என்பது ஒரு சொத்துக் கணக்குப்போலச் சொல்லப்பட்டது. கார்டு என்றால் நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போது வாசலுக்கு வந்து நின்றவர்களில் காதல் கடிதத்துக்குக் காத்திருந்தவர்களைவிடக் கார்டுக்குக் காத்திருந்தவர்களே அதிகம்.

இந்த அலுவலகங்கள் படித்த இளைஞர்களுக்காகத் தொடங்கப்பட்டவை அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல், படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சிப்பாய்களுக்கு மறுபடி வேலை தேடித் தரத்தான் இந்தியாவில் இந்த ஏற்பாடு உருவானது. வேலை இழந்தவரைச் சீக்கிரம் வேலையில் சேர்ப்பதுதான் அதன் முதல் நோக்கம். பிறகு எல்லோருக்கும் கதவு திறந்தது. காலியிடங்களை அலுவலகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று 1959இல் சட்டம் வந்தது. வேலை குறைவாகவும் பதிந்தவர்கள் மிகுதியாகவும் இருந்ததால், யார் முதலில் பதிந்தார் என்பதே நியாயத்தின் அளவுகோலாயிற்று. இந்தப் பட்டியலிலிருந்து மட்டும் ஆள் எடுத்தால் போதாது, நாளிதழிலும் விளம்பரம் செய்ய வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு மூப்பின் மதிப்பு சரியத் தொடங்கியது. ஆனால் அதற்குள் அது நமக்கு ஒரு பாடத்தைக் கற்றுக்கொடுத்திருந்தது. காத்திருப்பதே ஒரு தகுதி, அதிகம் காத்திருந்தவருக்கே அதிக உரிமை என்ற பாடம். வேலைகளைப் பங்கிட்டுக் கொடுப்பதில் அதில் ஓரளவு நியாயம் இருந்தது. அதே மனப்பான்மையை வேலை போனவருக்குத் தருகிற உதவித்தொகைக்கும் கொண்டுவந்துவிட்டோம் என்பதுதான் என் வாதம். வேலையின்மை உதவியில் பாதி தொகையில் இருக்கிறது. மறுபாதி அது கைக்கு வரும் நாளில் இருக்கிறது. பிந்தி வருகிற உதவி வேலைக்குத் திரும்ப வழி செய்வதில்லை, திரும்பும் வழியை அடைக்கவே செய்கிறது.

தமிழ்நாட்டில் 2006இல் வந்த உதவித்தொகைத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 150 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்புக்கு 200, பட்டதாரிக்கு 300 என்று தொடங்கி, பின்னர் அது 300, 400, 600 என்று இரட்டிப்பானது. மூன்று ஆண்டுகள் கிடைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் ஏறும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவு செய்து ஐந்தாண்டுகள் ஆகியிருக்க வேண்டும். இந்தத் திட்டத்தை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. விண்ணப்பக் கட்டணத்துக்கும் பஸ் செலவுக்கும் அப்பாவிடம் கை நீட்டக் கூசிய பிள்ளைகளுக்கு அது ஒரு கௌரவமாக இருந்தது. ஆனால் அதன் அடிப்படை பழைய அட்டையின் தர்க்கம்தான். ஐந்தாண்டு காத்திருந்தால் உதவி. பதினெட்டு வயதில் கைதூக்கிவிட வேண்டியவரை இருபத்து மூன்று வயதில் தட்டிக்கொடுக்கிறது. அதை ஆறுதல் என்று சொல்லலாம். காப்பு என்று சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் பதிந்து ஓராண்டு ஆனாலே போதும் என்று விதி தளர்த்தப்பட்டிருப்பது, காத்திருப்புக் காலம் இயற்கை விதித்தது அல்ல, அரசு நினைத்தால் குறைக்கக் கூடியதே என்பதைக் காட்டுகிறது.

இதுவரை வேலைக்கே போகாதவரின் காத்திருப்பு ஒருவகை. இருந்த வேலை போனவரின் காத்திருப்பு வேறு வகை. முன்னவரின் செலவுகள் பெற்றோர் வீட்டில் கரைந்துவிடலாம். பின்னவருக்கு ஒன்றாம் தேதி வாடகை, ஐந்தாம் தேதி சீட்டு, பத்தாம் தேதி வண்டிக்கான தவணை என்று மாதம் முழுக்க ஆள் வந்து நிற்கும். பெரம்பூர் பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டபோதும், ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றபோதும், மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியபோதும் செய்திகள் இழப்பீட்டுத் தொகையைப் பற்றியே பேசின. அது எந்தத் தேதியில் கைக்கு வரும் என்ற கேள்விக்குத் தலைப்பில் இடம் கிடைக்கவில்லை. மளிகைக் கடை அண்ணாச்சிக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். "வரும்ல, வரட்டும்" என்று அவர் சொல்கிற பொறுமைக்கு ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் ஆயுள். பழைய ஆலைத் தெருக்களில் அந்தப் பொறுமைக்கு இன்னும் கொஞ்சம் ஆயுள் இருந்தது. ஆலைக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரிந்தவர், தலைமுறையாகக் கணக்கு வைத்திருப்பவர். தொழிற்பேட்டையைச் சுற்றி வாடகை அறையெடுத்துத் தங்கியிருக்கிற இன்றைய ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தக் கணக்கு நோட்டும் இல்லை.

இப்போதிருக்கிற காப்பைப் பார்ப்போம். தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக் கழகம், அதாவது நாம் இஎஸ்ஐ என்று சொல்கிற அமைப்பு, 2018 ஜூலையில் அடல் காப்பீட்டாளர் நலத் திட்டத்தைத் தொடங்கியது. வேலை போனவருக்குச் சராசரி ஊதியத்தில் 25 சதவீதம், அதிகபட்சம் 90 நாட்களுக்கு, வாழ்நாளில் ஒருமுறை. ஆனால் வேலையில்லாமல் 90 நாட்கள் கழிந்த பிறகே அந்த உரிமை பிறக்கும் என்பது அப்போதைய விதி. கொரோனா ஊரடங்கின்போது 2020இல் இதைத் திருத்தினார்கள். தொகை 50 சதவீதமாயிற்று. 90 நாள் காத்திருப்பு 30 நாளாயிற்று. பழைய முதலாளி வழியாகத்தான் விண்ணப்பம் வரவேண்டும் என்ற நிபந்தனை போய், தொழிலாளி நேராகக் கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம் என்றானது. மாதம் 12,000 ரூபாய் வாங்கியவருக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் வீதம் 90 நாளுக்கு 18,000 ரூபாய். இந்தத் தொகை இரண்டாவது மாதத்தில் வந்தால் வாடகையும் அரிசியும் ஆகும். ஆறாவது மாதத்தில் வந்தால்? இடைப்பட்ட காலத்தை ஓட்ட அஞ்சு வட்டிக்கு வாங்கிய 20,000 ரூபாய்க்கு மாதம் ஆயிரம் வட்டி. பத்து வட்டி என்றால் இரண்டாயிரம். ஐந்து மாதத்தில் ஐயாயிரமோ பத்தாயிரமோ வட்டிக்கே போயிருக்கும். அரசு கொடுத்தது 18,000 என்று கணக்குப் புத்தகம் சொல்லும்; வாங்கியவர் கையில் தங்கியது அதில் பாதியாக இருக்கலாம். தாமதத்தால் அரசுக்கு ஒரு பைசா மிச்சமில்லை. மிச்சம் முழுவதும் வட்டிக்காரருக்கு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1952ஆம் ஆண்டின் 102ஆவது உடன்படிக்கை, வேலையின்மை உதவிக்கான காத்திருப்புக் காலமாக முதல் ஏழு நாட்களை அனுமதிக்கிறது. அந்த ஏழுக்கு முன்னால் நம் முப்பதே நீண்டதுதான்.

விதியில் எழுதிய நாட்களைவிட விதிக்கு வெளியே கழிகிற நாட்கள்தான் மோசம். விண்ணப்பம் எங்கே சிக்குகிறது என்று தேடிப் பார்த்தால் பெரும்பாலும் அற்பமான இடங்களாக இருக்கும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் முன்னால் ஓர் எழுத்து, ஆதாரில் பின்னால் அப்பாவின் முழுப்பெயர், வங்கிப் புத்தகத்தில் இரண்டும் இல்லாமல் வெறும் பெயர். மூன்றும் ஒரே ஆள் என்று தெருவுக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது. வங்கிகள் இணைந்தபோது ஐஎஃப்எஸ்சி எண் மாறியது இன்னொரு சிக்கல். வருங்கால வைப்பு நிதியில் பணம் எடுக்கப் போனால், வேலையை விட்ட தேதியை நிறுவனம் பதிவு செய்திருக்காது. அதைப் போடச் சொல்லித் தன்னை வெளியே அனுப்பிய கம்பெனியின் வாசலிலேயே தொழிலாளி போய் நிற்க வேண்டியிருந்தது. கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதமானால் உறுப்பினரே அந்தத் தேதியைப் பதியலாம் என்ற வசதி 2020இல்தான் வந்தது. எல்லாவற்றையும்விடக் கொடியது ராஜினாமாக் கடிதம். "ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா செட்டில்மென்ட் சீக்கிரம் ஆகும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவார்கள். ஆட்குறைப்புக்கும் விருப்ப விலகலுக்கும் தனித்தனி விதிகள் இருக்கும் இடத்தில், அவசரத்தில் எழுதிக் கொடுத்த அந்த நான்கு வரி பிறகு அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். பச்சை மைக் கையெழுத்துக்கு அலைந்த காலம் போய்விட்டது என்று சந்தோஷப்பட்டோம். இப்போது அலைச்சல் கால்களிலிருந்து விரல்களுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அன்றைக்குக் குறைந்தபட்சம் கவுன்டருக்குப் பின்னால் திட்டவோ கெஞ்சவோ ஒரு மனிதர் இருந்தார்.

இங்கே ஒரு எதிர்வாதம் உடனே எழும். பணம் சுலபமாகவும் சீக்கிரமாகவும் வந்தால் எவன் வேலைக்குப் போவான் என்று கேட்பார்கள். டீக்கடையிலிருந்து நிதியமைச்சகம்வரை எல்லா இடத்திலும் எழுகிற கேள்வி இது. இதை எடுத்தெறிந்து பேசக் கூடாது. உதவித்தொகை கூடினால் வேலை தேடும் காலம் சற்று நீள்கிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் ஏன் நீள்கிறது என்று ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர், தில்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி. அமெரிக்கத் தரவுகளை வைத்து அவர் 2008இல் வெளியிட்ட கட்டுரையின் முடிவு இது: அந்த நீட்சியில் சுமார் 60 சதவீதம், கைப்பணம் இல்லாத நெருக்கடி தணிவதால் வருகிறது. அதாவது, கிடைத்த முதல் வேலையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளாமல் தகுந்த வேலையைத் தேட முடிகிறது. சேமிப்பு உள்ளவர்களிடம் உதவித்தொகை பெரிய மாற்றத்தை ஏற்படுத்தவில்லை. சேமிப்பு இல்லாதவர்களிடம்தான் ஏற்படுத்தியது. அவர் காட்டிய இன்னொரு சான்று எளிமையானது. வேலையை விட்டுப் போகும்போது மொத்தமாக ஒரு தொகை வாங்கியவர்களும் கூடுதல் காலம் தேடினார்கள். அடுத்த நாளே வேலையில் சேர்ந்தாலும் அந்தப் பணம் அவர்களுடையதுதான். வேலையில் சேராமல் இருப்பதால் கூடுதலாக எதுவும் வராது. ஆகவே அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல முடியாது. அவர்கள் நிதானமாகத் தேட முடிந்தவர்கள். நம் ஊர்த் தொகையோ பாதி ஊதியம், அதுவும் மூன்று மாதம், அதுவும் ஆயுளில் ஒருமுறை. இதை நம்பி வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நினைப்பவர் கணக்குத் தெரியாதவராகத்தான் இருப்பார்.

தாமதம் ஒருவரை வேலைக்குத் துரத்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். எந்த வேலைக்கு? பத்தாண்டு சிஎன்சி இயந்திரத்தை இயக்கியவர் மூட்டை தூக்கவும், ஏற்றுமதிக் கம்பெனியில் ஓவர்லாக் தைத்தவர் பாத்திரம் கழுவவும் போவது வேலைக்குத் திரும்புவதாகப் புள்ளிவிவரத்தில் பதிவாகலாம். தொழில் தெரிந்த கைகளை இழப்பது ஊருக்கும் நஷ்டம்தான். இன்னொரு பக்கம், வேலை தேடவே பணம் வேண்டும். பஸ் டிக்கெட், போன் ரீசார்ஜ், மருத்துவத் தகுதிச் சான்று, வெளியூரில் சேர்ந்தால் விடுதிக்கு முன்பணம், முதல் சம்பளம் வரும்வரை ஒரு மாதச் சாப்பாடு. கையில் காசு தீர்ந்ததும் முதலில் அடகுக்குப் போவது நகை. அடுத்து விற்பனைக்குப் போவது டூவீலர். சிப்காட்டில் இரவு ஷிப்டுக்கு ஆள் எடுக்கும்போது, வண்டி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். வண்டியை விற்றுச் சாப்பிட்டவர் அந்த வேலையையும் சேர்த்தே இழக்கிறார். விண்ணப்பம் முடிவாகாமல் தொங்கிக்கொண்டிருந்தால் இன்னொரு தயக்கமும் வருகிறது. இப்போதே புது வேலையில் சேர்ந்தால் வரவேண்டிய பழைய பணம் நின்றுபோகுமோ என்ற பயம். வாரந்தோறும் தன் நிலையைத் தெரிவிக்கச் சொல்லும் நாடுகளில், வேலையில் சேர்ந்த பிறகும் அதற்கு முந்தைய வாரங்களுக்கான தொகை பாக்கியாகவே நிற்கும். சேர்ந்ததால் அது அழியாது. அந்த உறுதியை எழுத்தில் கொடுக்காத இடத்தில், தாமதமே ஒருவரை வேலைக்குப் போகவிடாமல் தடுக்கும். சோம்பலுக்குப் பயந்து இழுத்தடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த எதிர்வாதம் மோசடி. சரிபார்க்காமல் கொடுத்தால் ஏமாற்றுக்காரர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள் என்பது. இதற்கு அமெரிக்காவின் 2020ஆம் ஆண்டைவிடப் பெரிய சான்று வேண்டாம். அந்த மார்ச் இறுதியில் ஒரே வாரத்தில் 60 லட்சம் அளவில் புதிய விண்ணப்பங்கள் குவிந்தன. பல மாநிலங்களின் கணினிகள் திணறின. நியூ ஜெர்சி ஆளுநர், கோபோல் என்ற பழைய கணினி மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று வெளிப்படையாகவே அழைப்பு விடுத்தார். பெருந்தொற்றுக் கால வேலையின்மை உதவியில் 10,000 கோடி டாலரிலிருந்து 13,500 கோடி டாலர்வரை மோசடியாகப் போயிருக்கலாம் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2023இல் மதிப்பிட்டது. வேகத்துக்கு எதிரான வாதம் இதோடு முடிந்துவிட்டதுபோலத் தோன்றும். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் வேறு விஷயம் தெரிகிறது. முதலாளியின் பதிவே இல்லாத சுயதொழில் செய்பவர்களுக்காக அவசரமாக உருவாக்கிய திட்டத்தில், விண்ணப்பித்தவரின் வாக்குமூலமே தொடக்கத்தில் போதுமானதாக இருந்தது. திருடிய அடையாளங்களோடு வந்த கும்பல்களுக்கு அது வசதியாயிற்று. அதே மாதங்களில், ஆண்டுக்கணக்கில் சம்பளப் பதிவு உள்ள நேர்மையான தொழிலாளிகள் தொலைபேசியில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். ஆக, தாமதமும் மோசடியும் ஒன்றுக்கொன்று எதிரிகள் அல்ல. இரண்டும் ஒரே பழைய இயந்திரத்தின் பிள்ளைகள். இஎஸ்ஐ-யில் மாதாமாதம் சந்தா ஏறுகிறது. ஆள் யார், ஊதியம் என்ன, எந்த மாதம் சந்தா நின்றது என்பதெல்லாம் விண்ணப்பம் வருவதற்கு முன்பே அலுவலகத்தின் கையில் இருக்கிறது. சரிபார்ப்புக்கு வேண்டியதில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும்.

இந்த விஷயத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் சொன்ன ஒரு தீர்ப்பு நினைவில் வைக்கத்தக்கது. கலிபோர்னியாவில், தகுதி உண்டு என்று முடிவான பிறகும் முதலாளி மேல்முறையீடு செய்தால் தொழிலாளிக்கான தொகையை நிறுத்தி வைப்பது வழக்கமாக இருந்தது. உதவித்தொகை உரிய காலத்தில் கிடைக்க வேண்டும் என்று சமூகப் பாதுகாப்புச் சட்டம் சொல்வதால், அப்படி நிறுத்தி வைப்பது செல்லாது என்றது நீதிமன்றம். தொழிலாளி சம்பளம் இழந்திருக்கும் அந்த நாட்களிலேயே அதற்கு மாற்றாக இருப்பதுதான் இந்தத் தொகையின் நோக்கம் என்பது அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி. தவறாகக் கொடுத்துவிட்டால் பிறகு வசூலிக்கலாம். பசித்திருந்த மாதத்தைப் பிறகு திருப்பிக் கொடுக்க முடியாது. அங்கே அலுவலகங்களுக்கு ஓர் அளவுகோலும் உண்டு: முதல் தவணைகளில் 87 சதவீதமாவது 14 அல்லது 21 நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும். பெருந்தொற்றில் அந்த இலக்கு நொறுங்கியது. ஆனால் இலக்கு என்று ஒன்று இருந்ததால்தான் நொறுங்கியது வெளியே தெரிந்தது.

மூன்றாவது எதிர்வாதத்தில் நியாயம் அதிகம். நம் நாட்டில் பெரும்பாலானோர் இஎஸ்ஐ-க்குள்ளேயே வரவில்லை. கட்டிட வேலைக்குப் போகிறவருக்கும் வயல் வேலைக்குப் போகிறவருக்கும் இந்தப் பேச்சால் என்ன பயன் என்ற கேள்வி. கிராமத்துக்கும் இந்த வாதம் பொருந்தும் என்பதற்கு நூறு நாள் வேலைச் சட்டத்தின் அனுபவமே சாட்சி. வேலை கேட்டு 15 நாட்களுக்குள் கொடுக்காவிட்டால் வேலையின்மைப் படி தர வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் எழுதியது. முதல் 30 நாட்களுக்குக் கூலியில் கால்பங்குக்குக் குறையாமல், அதற்குப் பிறகு அரைப்பங்குக்குக் குறையாமல். கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பதினைந்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? வேலை கேட்ட அன்று தேதியிட்ட ரசீது கையில் இருந்தால்தான் எண்ண முடியும். வாயால் கேட்டு, "வேலை வந்தா சொல்லி அனுப்புறோம்" என்ற பதிலோடு திரும்பியவருக்குப் பதினைந்தாவது நாள் என்று ஒன்று வரவே வராது. செய்த வேலைக்கான கூலி பிந்தினாலும் இழப்பீடு உண்டு: நாளொன்றுக்கு 0.05 சதவீதம். பத்தாயிரம் ரூபாய்க்கு மாதம் 150 ரூபாய். அதே பத்தாயிரத்துக்கு ஊரில் அஞ்சு வட்டிக்காரர் வாங்குவது 500. அரசின் தாமதத்துக்கு அரசு வைத்த விலை, ஊர் வைத்த விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பிந்துவது அலுவலகத்துக்கு மலிவாக இருக்கும்வரை அது பிந்தத்தான் செய்யும்.

பழைய பதிவு முறையின் ஒரு நல்ல குணத்தை இங்கே தலைகீழாகப் பயன்படுத்தலாம் என்று தோன்றுகிறது. அந்த முறை தேதியை மதித்தது. ஒரு நாள் முன்னால் பதிந்தவருக்கு ஒரு நாள் முன்னுரிமை. அதில் சிபாரிசு புகுந்தால் சண்டை போடவும் ஆதாரம் இருந்தது. ஆனால் அது எண்ணியதெல்லாம் குடிமகன் காத்திருந்த நாட்களை. அலுவலகம் எடுத்துக்கொண்ட நாட்களை அது எண்ணியதே இல்லை. மூன்று ஆண்டில் புதுப்பிக்கத் தவறினால் மூப்பை இழந்தார்கள். உரிய காலத்தில் பதில் சொல்லத் தவறிய அலுவலகம் எதையும் இழக்கவில்லை. மற்ற இடங்களில் நம் சட்டம் தேதி குறிக்கத் தெரிந்ததுதான். பணிக்கொடையை 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் வட்டி என்று 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 1987இல் வந்த திருத்தத்திலிருந்தே விதி நடைமுறையில் இருக்கிறது. வேலையை விட்டவரின் கடைசிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு. ஆட்குறைப்பு செய்யப்பட்டவரின் கணக்கில் 15 நாள் ஊதியத்துக்குச் சமமான மறுதிறன் நிதியை 45 நாட்களுக்குள் ஏற்ற வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பு. முதலாளிக்கு நாள் குறிக்கிற அரசு தனக்கும் அதே கண்டிப்போடு நாள் குறித்துக்கொள்வதில் தவறென்ன?

ஆகவே கேட்க வேண்டியவை பெரிய சீர்திருத்தங்கள் அல்ல. விண்ணப்பம் வந்த நொடியில் தேதியிட்ட ரசீது. சந்தாப் பதிவு இருந்தால் முதல் மாதத் தொகையை முதலில் கொடுத்துவிட்டு, இனிஷியலையும் ராஜினாமாக் கடிதத்தையும் பிறகு ஆராய்வது. குறித்த நாள் தாண்டினால், கடன் சந்தையில் தொழிலாளி கொடுக்கிற வட்டிக்கு ஓரளவாவது ஈடான இழப்பீடு. புது வேலையில் சேர்ந்தாலும் சேர்ந்த நாள்வரைக்குமான தொகை நிற்காது என்ற எழுத்து உறுதி. நான்காவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. வேலையின்மை உதவி என்ற பெயரைக் கேட்டு, வேலையில்லாமல் இருப்பதற்கான கூலி என்று பலரும் நினைக்கிறார்கள்; அது அடுத்த வேலைக்குப் போய்ச் சேர்வதற்கான பயணச் செலவு. பயணச் செலவை ஊர் போய்ச் சேர்ந்த பிறகு தந்தால் நடந்து போக முடிந்தவர்கள் மட்டும்தான் போய்ச் சேர்வார்கள். மற்றவர்கள் கிளம்பிய இடத்திலேயே நிற்பார்கள். அவர்களைப் பார்த்து, வேலைக்குப் போக மனமில்லாதவர்கள் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம்.